ஈறு வைத்த கைப்பிடி

வையுங்க, நல்லா வெளிச்சத்துல வெச்சே பாருங்க, என் துப்பாக்கில ஒளிச்சு வைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. வாயத் தொறந்து சொல்லல, மனசுக்குள்ளதான். வெளிய பல்லைக் காட்டிட்டு நிக்கறேன், பல் டாக்டர் பல்லைக் காட்டாம வேற எதைக் காட்டுவா. மேஜைக்கு அந்தப் பக்கம் வேதமாணிக்கம் சார், பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆகி வந்தவர், மீசை மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகல. சுடறதுக்கு வர்ற ஒவ்வொருத்தர் துப்பாக்கியையும் அளந்து பாத்து ஸ்டிக்கர் ஒட்டறது அவர் சோலி. ஸ்டிக்கர் இல்லைன்னா சுடற கோட்டுக்கிட்டவே விடமாட்டாங்க. ஒட்டுங்க சார், சீக்கிரம் ஒட்டுங்க. இன்னைக்கு மாநிலத் தேர்வு, முதல் நாலு பேருக்குத்தான் தேசியப் போட்டிக்கு டிக்கெட்டு, அதுல ஒண்ணு எனக்குன்னு நான் எப்பவோ எழுதி வெச்சாச்சு. நாப்பத்தி நாலு வயசுல, கோயமுத்தூர்ல பல்லு புடுங்கற ஒரு பொம்பளை, காலேஜ் புள்ளைகளோட வரிசைல நிக்கறா, நிக்கட்டுமே, கண்ணாடி போட்டா என்ன, கை இருக்குதில்ல கை. அந்தக் கைக்குத்தான் இந்தத் துப்பாக்கி. சின்னது. இத்தாலிக்காரன் பெரிய கைக்கு ஒண்ணும் சின்னக் கைக்கு ஒண்ணும் செய்யறான், நான் சின்னதை எடுத்துட்டு வந்து அதையும் விடல, உச்சந்தலைல இருந்து உள்ளங்கால் வரைக்கும் வைத்தியம் பாத்துட்டேன். முன்னால குறி வைக்கற ஃபிரண்ட் சைட்டைக் கழட்டி இன்னும் கொஞ்சம் அகலமானதை மாட்டினேன், வயசான கண்ணுக்கு அதுதான் இதம். ரியர் சைட்டோட பள்ளத்தைத் தொறந்து விட்டேன், ரெண்டு பக்கமும் வெளிச்சம் நல்லா உழுகற மாதிரி. குண்டு அடுக்கற மேகசின் மூணு. ரெண்டு கம்பெனிக்காரன் பெத்தது, ஒண்ணு நான் தத்து எடுத்தது, வேற எவனோ செஞ்சு இதுக்கும் சேரும்னு விக்கறானே, அது. வந்த புதுசுல லொடலொடன்னு இருந்துச்சு. அடியில ஒரு பாதம் வார்த்து ஒட்டினேன், இப்ப பெத்ததுக ரெண்டையும் விட அதுதான் சொன்ன பேச்சு கேக்குது. கைப்பிடி இருக்குதே, அதுதான் என் பேர் சொல்லும். வால்நட் மரத்துல அவன் கடைஞ்சு அனுப்பினது யாரோ ஒருத்தி கைக்கு. என் கைக்கு ஆக்கினது நான். பல்செட்டு செய்யற அக்ரிலிக் பவுடரைக் குழைச்சு, எங்கெங்க கைக்கும் மரத்துக்கும் நடுவுல சந்து இருக்குதோ அங்கெல்லாம் வெச்சு, காஞ்சதும் மைக்ரோமோட்டர்ல தேச்சு, பல்லு கடிச்சுப் பாக்கற நீலத்தாளை வெச்சு அழுத்தி, எங்க நீலம் ஒட்டுதோ அங்க மறுபடியும் தேச்சு. அந்தப் பவுடர் ஈறு கலர்ல இருக்கும், ரோஸ். அதனால இந்த ஊர் ரேஞ்ச் பூரா ஒரே கேலி, டாக்டரம்மா துப்பாக்கிக்கு ஈறு வெச்சிருக்காங்க, பாத்துங்க கடிச்சிரும்னு. கடிக்கும்டா, பத்துப் பத்தாக் கடிக்கும்.

டிரிகர்ல எடைக்கல்லை மாட்டித் தூக்கறார், தூக்குது. அளவுப் பெட்டிக்குள்ள வெச்சு மூடறார், அடங்குது. சைட்டைப் பாக்கறார், மேகசினைப் பாக்கறார், தத்துப் புள்ளையைக் கொஞ்சம் கூடுதலாத் திருப்பிப் பாக்கறார், ஒண்ணும் சொல்லல. ஸ்டிக்கர் சுருளை எடுத்தவர் கீழ வெச்சுட்டார். "கைல பிடிங்க மேடம்." பிடிச்சேன். உள்ள போய் உக்காந்துச்சு கை, ஒரு மயிரிழை சந்து இல்லாம. பாருங்கய்யா வேலைன்னா இது. "கட்டை விரலை மேல தூக்குங்க." தூக்கினேன். தூக்கலை. தூக்க வரலை. கட்டை விரலைச் சுத்தி ரோஸ் கலர்ல ஒரு சுவர், மேல வரைக்கும் ஏறி, விரலோட தலையில கொஞ்சம் கவிஞ்சு நிக்குது. விரல் முட்டுது, போகல. "கட்டை விரல் தாராளமா மேல போய் வரணும் மேடம். கையைக் கவ்விப் பிடிக்கற மாதிரி கைப்பிடி இருக்கக் கூடாது. ரூல் உங்களுக்குத் தெரியாததா?" தெரியாமயா. இந்த ரூலை நானே புதுசா வர்றவங்களுக்கு எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கறேன். "போன வருஷம் இவ்வளவு ஒசரம் இல்லையே"ங்கறார். இல்லைதான் சார். எனக்குப் பின்னால வரிசைல நிக்கறவங்க எட்டிப் பாக்கறாங்க. எனக்குக் காது சுடுது. "அந்த ஓரத்தைத் தேச்சு எடுத்துட்டு வாங்க, டைம் இருக்குது, நான் இங்கதான் இருப்பேன்"னு நல்ல மனுசன் மெதுவாத்தான் சொன்னார். எனக்கு என்னமோ எல்லார் முன்னாலயும் சேலையைப் புடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு. அட, இது என்ன கோவம். ஒரு ஓரத்தைத் தேய்க்கச் சொன்னாங்க, அவ்வளவுதானே. என் கிளினிக்குல தினமும் நான் யாருக்காவது செய்யறதுதானே.

கார் நிறுத்தற இடத்துக்கு வந்தா எங்க வீட்டுக்காரர் தாமோதரன் டிக்கியைத் தொறந்து வெச்சுட்டு இட்லி டப்பாவோட நிக்கறார். மோட்டார் பம்பு செய்யற கம்பெனி நடத்தறவர், எதுனாலும் கழட்டிப் பாத்துரலாம்ங்கற ஜாதி. "ஏங்கண்ணு, என்னாச்சு?" சொன்னேன். "இவ்வளவுதானா, தேச்சு எடுத்துரு, நான் வேணா பண்ணட்டுமா?" தொடாதீங்கன்னேன். அந்த வேகத்துல இட்லி டப்பாவே ரெண்டடி பின்னால போச்சு. பேட்டரி மைக்ரோமோட்டரை எடுத்து தேய்க்கற பர் மாட்டி, டிக்கி விளிம்புல ஒரு துண்டை விரிச்சு, கைப்பிடியை மட்டும் கழட்டி வெச்சுத் தேய்க்க ஆரம்பிச்சேன். ரோஸ் தூள் பறக்குது, அந்த வாசம், சூடான அக்ரிலிக் வாசம், கிளினிக்கு சாயங்காலம் இதே வாசத்துலதான் கெடக்கும். எங்க ரெஜினா, எனக்குக் கூடமாட நிக்கற நர்ஸ், ஒருநா கேட்டா, "மேடம், இன்னைக்கு பல்செட்டு பேஷண்ட் யாரும் இல்லையே, யாருக்குக் குழைக்கறீங்க?" எனக்குத்தான்டின்னேன். அவ என் வாயைப் பாத்தா பாரு ஒரு பார்வை. சிரிப்பு வருது இப்பவும். எப்ப அது? நீலத்தாளை வெச்சுப் பாத்தது, ஓரம் கொஞ்சம் ஏத்தலாம்னு தோணினது, எப்ப? பல்செட்டு ஆடுதுன்னு யாராவது வந்தா என்ன செய்வோம், ஓரத்தை ஏத்துவோம். ஈறைச் சுத்தி நல்லா ஏறி உக்காந்துட்டா ஆடாது. இருவது வருஷமா கையில ஊறின பாடம் அது. அதையே இங்கயும் செஞ்சிருக்கேன், கட்டை விரலைச் சுத்தி ஓரத்தை ஏத்திருக்கேன், ஒரு நாள் ஒரு பூச்சு, இன்னொரு நாள் இன்னொரு பூச்சு, துளித்துளியா வெச்சதால எவ்வளவு ஒசந்துச்சுன்னு கண்ணுக்கே தெரியல. பல் டாக்டர் செய்யற தப்பு, வேற எவளும் செய்ய மாட்டா. ஆடற பல்செட்டுக்குத்தானே ஓரம் ஏத்தணும். அப்ப இங்க ஆடினது எது. நல்லாத் தேயி, நல்லாத் தேயி, பர் சூடாகுது, கொஞ்சம் நிறுத்தித் தேயி. ஆடினது எதுன்னா கேக்கற, ஒண்ணும் ஆடல, சும்மா ஒரு பிடிப்புக்கு வெச்சது. இவர் குனிஞ்சு தூளை ஊதி விடறார், நான் கேக்காமயே. இந்த மனுசன்தான் எல்லாத்துக்கும் காரணம். இவர் அந்த ஞாயித்துக்கெழமை வாயை மூடிட்டு டிவி பாத்திருந்தா எனக்கு ஒரு சுவரும் தேவைப்பட்டிருக்காது.

மூணு மாசம் முன்னால, ஒரு ஞாயித்துக்கெழமை சாயங்காலம், சோபால நான், பக்கத்துல இவர், டிவில எவனோ எதையோ சமைக்கறான். என் வலது கை சோபாக் கைமேல சும்மா கெடந்துச்சு. "ஏங்கண்ணு, உன் கை தன்னால ஆடுது பாரு." பாத்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒண்ணை ஒண்ணு தேச்சுட்டு இருந்துச்சு, என்னைக் கேக்காம, யாரோ வேற ஒருத்தி கை மாதிரி. காப்பி அதிகமாப் போச்சுன்னேன். எழுந்திரிச்சுப் போய் துணி மடிச்சேன். அன்னைல இருந்து என் வலது கையை நான் சும்மா விட்டதே இல்ல. ஃபோனு, சாவி, பர்ஸு, கீரை ஆயறது, எதாவது ஒண்ணு கையில. வேலைக்காரம்மா வாயில விரலை வைக்கறா, டாக்டரம்மா வெங்காயம் உரிக்கறாங்களேன்னு. ரெஜினாவுக்கு ஒரே குஷி, மேடம் இப்பல்லாம் டப்பாவெல்லாம் நீங்களே தொடைக்கறீங்கன்னு. இவருக்கும் பதில் வெச்சிருந்தேன், வாய்விட்டுச் சொல்லாத பதில். நடுங்கற கை பத்து அடிக்குமாய்யா? இருபத்தஞ்சு மீட்டர் தள்ளி, பத்து மார்க்கு வட்டம் ஒரு எலுமிச்சம்பழ அகலம், அதுக்குள்ள போடறேன், எத்தனை தடவை கேட்டாலும் போடறேன், கடைவாய்ப் பல்லுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக்குள்ள ஊசி விடறேன், ஒரு பேஷண்ட் ஆன்னு கத்தினது இல்ல. நடுங்கற கை இதெல்லாம் செய்யுமா? ஜெயிச்சுட்டா விஷயம் முடிஞ்சுது. தேசியப் போட்டிக்கு ஒருத்தி போறான்னா அவ கைக்கு நோவுன்னு எவன் சொல்லுவான். அதான் இன்னைக்கு இந்த டிக்கெட்டு எனக்கு வேணும், மெடலுக்கு இல்ல, சர்டிபிகேட்டுக்கு. கை நல்லா இருக்குதுன்னு ஒரு சர்டிபிகேட்டு. இல்லைன்னா கிளினிக்கு, ரெஜினா, நான் படிச்ச படிப்பு, நான்கற ஆளு, எல்லாமே அந்தக் கையிலதானே தொங்குது. தேச்சது போதும். விரலை வெச்சுப் பாத்தேன். தூக்கினேன். போச்சு மேல, தாராளமாப் போச்சு. குளிர்ந்த காத்து கட்டை விரலைத் தொட்ட மாதிரி இருந்துச்சு.

வேதமாணிக்கம் சார் பாத்தார், "இப்ப சரி"ன்னார், ஸ்டிக்கர் ஒட்டிட்டார். என்னமோ நெஞ்சுல ஒட்டின மாதிரி நான் நிமிந்து நடந்தேன். கோட்டுக்கு வந்தாச்சு, எனக்கு ஓரத்துல இருந்து ரெண்டாவது இடம். மேஜைல துப்பாக்கி, பக்கத்துல மூணு மேகசினும் வரிசையா, ஒவ்வொண்ணோட பாதத்துலயும் பல்லுக் கலர் அட்டைப்படி ஒரு பொட்டு, வெள்ளை, தந்தம், மஞ்சள். மஞ்சள்தான் தத்துப் புள்ளை. காதுக்கு மஃப் போட்டதும் உலகம் தள்ளிப் போயிருது, இது எனக்குப் பிடிச்ச நிமிசம், என் மூச்சு மட்டும் எனக்குக் கேக்கும். தயார் ஆகறதுக்குக் குடுக்கற நேரத்துல வெறும் துப்பாக்கியைத் தூக்கிப் பாத்தேன். ஃபிரண்ட் சைட்டு பள்ளத்துக்கு நடுவுல, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம். கை கல்லு. நான்தான் சொன்னேனே, கை கல்லுன்னு. சுவர் இல்லாமயே கல்லு. அப்புறம் என்னத்துக்குடி வெச்ச சுவரை? எறக்கி மேஜைல வெச்சேன், கைப்பிடில இருந்து கையை எடுக்கல, எப்பவும் எடுக்க மாட்டேன், அது என் பழக்கம். பழக்கமா? போன வருஷம் எடுப்பேனே. ஒரு குண்டு போட்டுட்டு துப்பாக்கியை வெச்சுட்டு கையை உதறிட்டு நிப்பேனே, எல்லாரும் அப்படித்தானே நிக்கறாங்க, பக்கத்துல நிக்கற புள்ளை இப்பக்கூட கையைத் தொங்க விட்டுட்டுத்தானே நிக்குது. நான் எப்ப இருந்து கையை உள்ளயே வெச்சுட்டு இருக்கேன். அந்த ஞாயித்துக்கெழமைல இருந்து. சரி, போதும், இது யோசிக்கற நேரமில்ல. அப்பா பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். போர்டுல எழுதற எழுத்து கடைசி பெஞ்சு வரைக்கும் தெரியும்னு பேரு வாங்கினவர். அது சுருங்கிச் சுருங்கி எறும்பு ஊர்ற மாதிரி ஆச்சு, சார் பெருசா எழுதுங்க சார்னு பசங்க கத்துவாங்களாம், பெருசாத்தானேடா எழுதறேன்னு அவர் கத்துவாராம். வீட்டுல ஈஸி சேர்ல சாஞ்சிருக்கும்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தேச்சுட்டே இருக்கும், திருநீறு எடுக்கற மாதிரி. ஏதோ மந்திரம் சொல்றார்னு நான் நெனச்சுட்டு இருந்தேன், நெசமாத்தான், பக்தின்னு நெனச்சேன். அவரே பேனாவை எடுத்து என் நோட்டுல ஒரு வட்டம் போட்டா காம்பஸ் தோத்துப் போகும். காலேஜ் மூணாம் வருஷம் வகுப்புல நடுக்க நோவு பத்திப் பாடம் எடுத்த டாக்டர் சொன்னார், இந்த நோவுல வேலை செய்யற கை அமைதியா இருக்கும், சும்மா கெடக்கற கைதான் ஆடும்னு. நான் பேனாவைக் கீழ வெச்சுட்டேன். அன்னைக்கு அப்பாவுக்கு என்னன்னு எனக்குத் தெரிஞ்சுது, அவருக்குத் தெரியறதுக்கு முன்னாடி. வேலை செய்யற கை அமைதியா இருக்கும். அப்ப நான் அடிக்கற பத்து? அது எதுக்கு சர்டிபிகேட்டு? வாயை மூடு. ரேஞ்ச் ஆபீசர் கூப்பிடறார் பாரு, லோட்.

மஞ்சள் மேகசினைத்தான் முதல்ல போட்டேன். தத்துப் புள்ளை, கிளிக்குன்னு ஏறி உக்காந்துச்சு. ஸ்டார்ட். தூக்கு. மேல ஏத்தி, கொஞ்சம் எறக்கி, கறுப்பு வட்டத்துக்கு அடியில வெள்ளைல நிறுத்து. ஃபிரண்ட் சைட்டை மட்டும் பாரு, டார்கெட்டைப் பாக்காத, அது கலங்கித்தான் தெரியும், கலங்கட்டும். டிரிகர் ஒரு நெல்லு, இன்னொரு நெல்லு. போச்சு. ஸ்கிரீன்ல பத்து. ஆகா. எறக்கி மேஜைல சாய்ச்சேன். ஒரு மூச்சு. அப்பத்தான் பாத்தேன். மேஜைமேல கெடக்கற துப்பாக்கியோட மூக்கு அசையுது. ரொம்பக் கொஞ்சம். மரத்தைத் தட்டித் தட்டி எடுக்குது, சத்தம் கேக்கல, கை வழியா மேல ஏறி முழங்கை வரைக்கும் வருது. கட்டை விரல். சுவர் இல்லாத கட்டை விரல், தாராளமா மேல போகுது, கீழ வருது, திருநீறு எடுக்குது. மேஜை ஆடுதோ. பக்கத்துப் புள்ளை மேஜையை இடிக்கறாளோ. இல்ல, அவ தூக்கி நிக்கறா, மேஜையத் தொடவே இல்ல. இறுக்கிப் பிடிக்கலாம். இறுக்கிப் பிடிச்சா நிக்கும், இத்தனை நாளும் அதைத்தான் செஞ்சேன், சுவரும் நானும் சேந்து. ஆனா இறுக்கின கை சோந்து போகும், அடுத்த குண்டு எட்டுக்குப் போகும், இதுவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சதே தொல்லை. பள்ளத்தை எதுக்குத் தொறந்து விட்ட, வயசான கண்ணுக்கா? அசைவு சின்னதாத் தெரியணும்னு. அகலமான சைட்டு? அதுக்கும்தான். சுவர்? அதுக்கும்தான். எல்லா மருந்தும் ஒரே நோவுக்கு எழுதியிருக்க, சீட்டுல நோவோட பேரை மட்டும் எழுதல. கெட்டிக்காரிதான் போ. பயமா இருக்குது. சொல்லிட்டேன், பயமா இருக்குது, அப்பா கடைசில சட்டை பட்டனைப் போட முடியாம கதவைச் சாத்திட்டு அழுதார், நான் வெளிய நின்னேன், உள்ள போகல. நேரம் ஓடுது. தூக்குடி.

தூக்கினேன். நின்னுருச்சு. மேஜைய விட்டு மேல வந்த அந்த நொடில எல்லாம் அடங்கிருச்சு, குளத்துல காத்து நின்ன மாதிரி. ஃபிரண்ட் சைட்டு நடுவுல, ரெண்டு பக்கமும் வெளிச்சம். பத்து. எறக்கினேன், ஆடுச்சு. ஆடு. இறுக்கல. நீ பாட்டுக்கு ஆடு, நான் பாட்டுக்கு மூச்சு விடறேன். இத்தனை மாசத்துல முதல் தடவையா என் கையைப் பாத்தேன், பேஷண்ட் கையைப் பாக்கற மாதிரி பாத்தேன், அசிங்கமா ஒண்ணும் இல்ல, பாவமா இருந்துச்சு. எத்தனை பல்லு புடுங்கிருக்கு இந்தக் கை, எத்தனை கன்னத்தைத் தட்டிக் குடுத்திருக்கு. தூக்கினேன், நின்னுச்சு. பத்து. எறக்கினேன், ஆடுச்சு. ரெண்டும் ஒரே கைதான். அடுத்தது ஒன்பது, அது என் தப்பு, நோவு தப்பில்ல, டிரிகரை அவசரப்பட்டேன், நல்லாத் திட்டிக்கிட்டேன். கடைசி பத்து. அடுத்தடுத்த சுத்தெல்லாம் எப்படிப் போச்சுன்னு கேட்டா எனக்கே தெரியல, வெள்ளை, தந்தம், மஞ்சள், மாத்தி மாத்திப் போட்டேன், தூக்கறதும் எறக்கறதுமா போச்சு, நிக்கறதும் ஆடறதுமா போச்சு. இன்னொண்ணும் சொல்லணும். சுவர் இருந்தப்ப அடிச்சதை விட இன்னைக்குக் கூடுதலா அடிச்சேன். அடிக்கறதுக்கு நடுவுல என் கைக்கு ஓய்வு கெடைச்சுது, அதான். ஸ்டாப், அன்லோட். மேகசினை எடுத்து, குண்டு ஏர்ற அறை காலின்னு காட்டி, ஆரஞ்சு கலர் பாதுகாப்புக் கொடியைச் சொருகி வெச்சுட்டு மஃப்பைக் கழட்டினா ஒரே இரைச்சல். பின்னால இருந்து யாரோ கை தட்டறாங்க. போர்டுல என் பேரு ரெண்டாவது. கோகிலவாணி, கோவை. மதியம் வேகமாச் சுடற ரேபிட் சுத்து இருக்குது, அது எனக்கு அல்வா, என்னைக்குமே அல்வா. டிக்கெட்டு எனக்குத்தான், எவளும் தொட முடியாது. நல்லா இருந்துச்சு அந்தப் பேரை அங்க பாக்கறதுக்கு, பொய் சொல்லல, ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா சர்டிபிகேட்டு இல்ல அது, வெறும் மார்க்கு.

தடுப்புக்குப் பின்னால இருக்கற நாற்காலில இவர் இட்லி டப்பாவை மடில வெச்சுட்டு உக்காந்திருக்கார், மூஞ்சி பூரா பல்லு. நான் போய்ப் பக்கத்துல உக்காந்தேன். "பாத்தேன் கண்ணு, பாத்துட்டே இருந்தேன், தூக்கினா ஒரு இம்மி அசையலையே, எனக்கே புல்லரிச்சுப் போச்சு." அப்புறம் கொஞ்சம் தயங்கினார், தொண்டையைச் செருமினார். இந்த மனுசன் தொண்டையைச் செருமினா ஏதோ பெருசா வருதுன்னு அர்த்தம். "அன்னைக்கு டிவி பாக்கும்போது நான் ஏதோ உளறிட்டேன். கை ஆடுதுன்னு. அதுல இருந்து நீ என்கிட்ட முகங்குடுத்தே பேசல. நான்தான் தப்பாப் பாத்துட்டேன் வாணி. இப்படி அடிக்கற கை எப்படி ஆடும்? விட்டுரு, நானும் அதை மறந்தர்றேன்." அடப்பாவி மனுசா. கதவை நீயே தொறந்து விடறியே, போயிக்கோன்னு. ஆமாங்க, தப்பாத்தான் பாத்துட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இட்லி சாப்பிடலாம், மதியம் சுடலாம், வீட்டுக்குப் போலாம், அடுத்த ஞாயித்துக்கெழமை கீரை ஆஞ்சுட்டே டிவி பாக்கலாம். சொல்ல வாயெடுத்தேன், நெசமா எடுத்தேன். என் கை பர்ஸைத் தேடிப் போச்சு, எதையாவது பிடிக்கறதுக்கு. அதைத் திருப்பிக் கொண்டு வந்தேன். இட்லி டப்பாவை எடுத்துக் கீழ வெச்சுட்டு, இவர் கையை மல்லாத்தி அவர் மடிமேல வெச்சு, அதுமேல என் வலது கையை வெச்சேன். சும்மா வெச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல, அது வெக்கப்படுது போல. அப்புறம் ஆரம்பிச்சுது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், அவர் உள்ளங்கையில மெதுமெதுவாத் தட்டுது. அவர் சிரிப்பு அப்படியே நின்னுச்சு. குனிஞ்சு பாக்கறார். என் மூஞ்சியைப் பாக்கறார். "நீங்க சரியாத்தான் பாத்தீங்க"ன்னேன். "அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. திங்கக்கெழமை கிளினிக்குக்கு லீவு போட்டுட்டு நரம்பு டாக்டரைப் பாக்கப் போறோம், நீங்களும் வர்றீங்க. மதியம் நான் சுடுவேன், தேசியப் போட்டிக்கும் போவேன், அதுல மாத்தமில்ல." குரல் நல்லாத்தான் வந்துச்சு எனக்கு, கடைசி வரைக்கும் உடையல. இவர் விரலை எல்லாம் மடக்கி என் கையைச் சுத்திப் பொத்திப் பிடிச்சார், கெட்டியா, ஆடாம இருக்கட்டும்னு, ஒரு சந்து இல்லாம. உள்ள கை நின்னு போச்சு. அவர் கண்ணு கலங்கிருச்சு. "இறுக்காதீங்க மாமா"ன்னேன், "விடுங்க, ஆடட்டும்."